இரண்டு கண்ணும் ஒரே நாளில்

ஒரே தடவையில் இரண்டு கண்களையும் முடித்துவிடக் கூடாதா என்ற கேள்வியை, திருத்தணியில் நான் கண் வைத்தியம் தொடங்கிய காலம் முதல், கத்தியை இளையவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஆலோசனை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் இன்றுவரை, புரை முற்றிய கண்களோடு வந்தவர்களும் அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டவர்கள் அவசரக்காரர்கள் அல்லர். பொதட்டூர்பேட்டையிலும் பள்ளிப்பட்டிலும் தறி ஓட்டுகிறவர்கள். எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்து, புரையைச் ‘சுக்லம்’ என்று தெலுங்கில் சொல்லி விளக்குகிறவர்கள். நோயாளி ஒருவர் வந்தால் துணைக்கு ஒருவர் வரவேண்டும், துணைக்கு வந்தவரின் அன்றைய கூலி போனது போனதுதான் என்ற கணக்கை மனப்பாடமாக வைத்திருக்கிறவர்கள். “திரும்பத் திரும்ப வர முடியாதுங்க சாமி, வந்தது வந்தாச்சு, ரெண்டையும் ஒரே வழியா முடிச்சு விட்டுடுங்க” என்று அவர்கள் சொன்ன வார்த்தைக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வரவுசெலவே இருந்தது. முதல் இருபது ஆண்டுகள் நான் தயக்கமின்றி முடியாது என்றேன். அதற்குப் பிறகு சிலருக்கு முடியும் என்றேன். இரண்டு பதில்களும் அந்தந்தக் காலத்துக்குரிய நியாயத்தோடு சொல்லப்பட்டவை என்பதே என் அபிப்பிராயம்.

1819-ஆம் ஆண்டில் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் நான் பயிற்சி பெற்ற எழுபதுகளில், புரை சிகிச்சை என்பது, கருவிழியின் மேல்விளிம்பை ஏறக்குறைய பாதி வட்டத்துக்குத் திறந்து, கடுங்குளிரூட்டிய கோல் ஒன்றின் நுனியைக் கலங்கிய வில்லையின்மீது வைத்து, அது ஒட்டிக்கொண்டதும் உறையோடு முழுதாக வெளியே எடுத்து, திறந்த வாயை மெல்லிய இழையால் தைத்து மூடுவதாகும். தையல்கள் ஆறும் வரை நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும். தலை அசையாதிருக்க இருபுறமும் மணல்மூட்டை வைப்போம். சிகிச்சை செய்தது ஒரு கண்ணுக்கே ஆனாலும், மற்றக் கண் அசைந்தால் இதுவும் சேர்ந்து அசையும் என்பதால், இரண்டையும் கட்டிவிடுவோம். பகலும் இரவும் ஒன்றாகிப் போன அந்த இருளில், வயது முதிர்ந்தவர்கள் சிலருக்கு நடு இரவில் புத்தி தடுமாறி, தாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் கட்டைப் பிய்த்து எறிய முற்படுவதும், கூட இருக்கும் மகளோ மருமகளோ விடியும் வரை அவர்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் எங்கள் வார்டில் சாதாரணக் காட்சிகள். ஓர் இருமல் வந்தால் தையல் விலகும். தையல் விலகினால் கண்ணின் உள்ளிருப்பது வெளியே பிதுங்கும். கிருமி புகுந்தால் கண்ணே போகும். இத்தனை அபாயங்கள் ஒரு கண்ணைச் சூழ்ந்து நின்ற காலத்தில், இரண்டையும் ஒரே நாளில் திறப்பது ஒரு மனிதனுடைய பார்வை முழுவதையும் ஒரே பகடையில் வைப்பதாகும்.

அந்நாட்களில் முகாம்களே பெரும்பாலோருக்குக் கதி. பள்ளிக்கூடங்களிலும் சத்திரங்களிலும் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, அவற்றின்மேல் நோயாளிகளைக் கிடத்திச் செய்தோம். கர்நாடகத்தைச் சேர்ந்த டாக்டர் எம். சி. மோடி ஒரே நாளில் 833 புரை சிகிச்சைகள் செய்ததாகக் கின்னஸ் நூல் பதிவு செய்ததும், மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கொண்டே லட்சத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகள் செய்ததும், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கியதும் அந்த யுகத்தின் வேகத்தையும் வேட்கையையும் காட்டுவன. காத்திருந்தவர்களின் கூட்டம் அத்தனை பெரிது. ஆகவே, ஆளுக்கு ஒரு கண் என்பதே முகாம்களின் எழுதப்படாத விதியாயிற்று. ஒரு கண்ணாவது கிடைக்கட்டும், மற்றது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றோம். அந்தப் ‘பிறகு’ எத்தனை பேருக்கு வந்தது என்பதை நான் பின்னால்தான் யோசிக்கத் தொடங்கினேன்.

என்னை முதலில் யோசிக்க வைத்தவர் மலையடிவாரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள். வில்லையை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகப் பத்து டயாப்டர் வலிமையுள்ள தடித்த கண்ணாடியை மூக்கின்மேல் மாட்டி அனுப்பிய காலம் அது. அந்தக் கண்ணாடி வழியே உலகம் ஏறக்குறையக் கால் பங்கு பெரிதாகத் தெரியும். சிகிச்சை செய்யாத மற்றக் கண்ணிலோ அது இயல்பான அளவில், மங்கலாகத் தெரியும். பெரிதும் சிறிதுமான இந்த இரண்டு உருவங்களையும் மூளையால் ஒன்றாக்க இயலாது. போதாக்குறைக்கு, தடித்த கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி வளையமாக ஒரு குருட்டுப் பகுதி உண்டாவதால், பக்கத்தில் வருபவர் இல்லாத இடத்திலிருந்து திடீரென்று முளைத்ததுபோல் எதிரே நிற்பார். சமதரையில் இதைச் சமாளிக்கலாம். ஆனால் இந்த ஊரில் முருகன் 365 படிகளுக்கு மேலே அல்லவா வீற்றிருக்கிறான்! அந்த அம்மாள் சிகிச்சை முடிந்து மாதங்கள் சென்றபின் என்னிடம் வந்து, படியேறும்போது ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டால்தான் அடுத்த படி எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது என்றும், பூக்கூடையை ஒரு கையிலும் கண்ணை ஒரு கையிலும் பிடித்தால் கைப்பிடிச் சுவரைப் பிடிக்கக் கை இல்லை என்றும் சொன்னார். “மூடியே வெச்சுக்கணும்னா அந்தக் கண்ணு எனக்கு எதுக்கு சாமி?” என்று அவர் கேட்டதற்கு, இரண்டாவது கண்ணுக்கும் சிகிச்சை செய்து, இரு கண்களுக்கும் சமமான கண்ணாடி கொடுத்த பிறகே என்னால் பதில் சொல்ல முடிந்தது.

உள்விழி வில்லை வந்ததும் இந்தத் துன்பம் ஒழிந்தது. யுத்த விமானிகளின் கண்களில் தெறித்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைக் கெடுக்காமல் கிடப்பதைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி என்ற ஆங்கில வைத்தியர் 1949-இல் லண்டனில் முதல் வில்லையைப் பொருத்தினார் என்றாலும், அது எங்கள் ஏழை நோயாளிகளின் கைக்கு எட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1992-இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி, உள்நாட்டிலேயே வில்லைகள் செய்யப்பட்டு விலை பன்மடங்கு இறங்கிய பிறகுதான், தறிக்காரருக்கும் செல்வந்தருக்கும் ஒரே விதமான சிகிச்சை என்று நான் மனச்சாட்சியோடு சொல்ல முடிந்தது. கூடவே, தையலே வேண்டாத சிறு துளைச் சிகிச்சையும், புரையை ஒலியதிர்வால் நொறுக்கி உறிஞ்சும் பேக்கோவும் வந்து சேர்ந்தன. மணல்மூட்டைகள் கிடங்குக்குப் போயின. காலையில் வந்தவர் மாலையில் வீடு திரும்பினார்.

நான் எதிர்பாராத வேறொன்றும் அப்போது நிகழ்ந்தது. முதல் கண் தெளிவாகத் தெரியத் தொடங்கியதுமே இரண்டாவது கண்ணுக்காக மனிதர்கள் வருவது குறைந்துவிட்டது. தடித்த கண்ணாடி இருந்தவரை இரண்டு கண்களும் சமமாக வேண்டும் என்ற நிர்ப்பந்தமாவது இருந்தது. இப்போது ஒரு கண்ணே ஊசியில் நூல் கோக்கவும், பாவில் இழை அறுந்தால் எடுத்து முடியவும் போதுமென்று தோன்றியது. இரண்டாவது கண்ணுக்குத் தேதி எழுதிக் கொடுத்த அட்டையோடு போனவர்களில் பலர் திரும்பவில்லை. விதைப்பு, பேத்தியின் சடங்கு, மகன் பெங்களூரில், துணைக்கு ஆளில்லை: காரணங்கள் எல்லாம் உண்மையானவை. பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளர் ஒருவர், முதல் கண் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தபின், மற்றக் கண் சிவந்து, வீங்கி, தலையின் ஒரு பாதி முழுவதும் வலியாக வந்தார். பழுத்து அளவுமீறிய புரை கண்ணுக்குள்ளேயே கசிந்து, நீரின் வடிகாலை அடைத்து, அழுத்தம் ஏறி நரம்பைக் கருக்கியிருந்தது. வலியைத் தணிக்க முடிந்தது. பார்வையை மீட்க முடியவில்லை. இரண்டு கண்களும் ஒரே நாளில் முடிந்திருந்தால் என்ற எண்ணத்தை அன்றைக்குப் பிறகு என்னால் ஒதுக்கி வைக்க முடியவில்லை.

முதன்முதலாக நான் அப்படிச் செய்தது ஓர் இளைஞனுக்கு. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். இரண்டு கண்களிலும் வெண்புரை. முகத்தருகே யார் கை வந்தாலும் தட்டிவிடுவான். ஆகவே கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்கச் செய்வது நடவாது. முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். அவனுக்கு இருதயத்திலும் பிறவிக் குறை உண்டு. திருவள்ளூரிலிருந்து வந்து மயக்கம் கொடுக்கும் நண்பர், பரிசோதித்துவிட்டு, ஒரு முறை கொடுக்கச் சம்மதம், இன்னொரு முறை கொடுப்பதை விரும்பவில்லை என்று தெளிவாகச் சொன்னார். அவனுடைய தாய், தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சில், “எனக்கு அப்புறம் இவனை யாரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க? இவன் கண்ணாலே இவன் நடக்கணும் ஐயா” என்றார். பிறவிப் புரையுள்ள குழந்தைகளுக்கும் இவனைப் போன்றவர்களுக்கும் இரண்டு மயக்கங்களின் ஆபத்தைவிட இரண்டு கண்களை ஒரே மயக்கத்தில் செய்வதன் ஆபத்து குறைவாயிருக்கக்கூடும் என்பது கண் சாஸ்திரத்தில் முன்பே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். நான் சம்மதித்தேன்.

அன்றைக்கு எங்கள் தியேட்டரில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், இந்தச் சிகிச்சையின் தர்மம் முழுவதும் வைத்தியனின் கைத்திறனைக் காட்டிலும் தியேட்டர் சிஸ்டரின் சிரத்தையில்தான் இருக்கிறது. எங்கள் சிஸ்டர் கேரளத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். “டாக்டர், இது ஒரு நோயாளி இல்லை, ரெண்டு நோயாளி, ரெண்டு பேருக்கும் முகம் மட்டும் ஒன்று” என்று சொல்லிவிட்டு, முதல் நாளே ஒரு ட்ரே கருவிகளை ஓர் ஆட்டோக்ளேவ் சுற்றிலும், மற்றொரு ட்ரேயை வேறு சுற்றிலும் வேகவைத்து, அவை ஒன்றையொன்று தொடாதபடி அறையின் இரு ஓரங்களில் வைத்தார். ஒரு சுற்றில் கிருமி ஒழியாமற்போனால் அதன் பலன் ஒரு கண்ணோடு நிற்க வேண்டும் என்பது கருத்து. கண்ணுக்குள் ஓடும் திரவப் பாட்டில், கண்ணறையை நிரப்பித் தாங்கும் பசை, மருந்து ஆகியவற்றையும் வெவ்வேறு தொகுதிகளிலிருந்தும், கிடைத்தவரையில் வெவ்வேறு கம்பெனிகளிலிருந்தும் எடுத்து வைத்தார். பாட்டிலின் அழுக்கு இரு கண்களையும் சேர்ந்தாற்போல் கெடுத்துவிடக் கூடாதல்லவா? வலது கண் முடிந்தது. போர்த்திய துணிகளை எல்லாம் அகற்றி, நானும் அங்கியையும் கையுறையையும் கழற்றி, வெளியே வந்து புதிதாக வருகிற ஒருவனைப்போல் முழங்கை வரை மீண்டும் தேய்த்துக் கழுவி, இடது கண்ணைச் சுற்றிப் புதிதாக அயோடின் தடவி, புதிய துணி போர்த்தித் தொடங்கினேன். முதல் கண்ணில் எள்ளளவு சிக்கல் நேர்ந்தாலும் இரண்டாவதைத் தொடுவதில்லை என்று முன்பே தாயிடம் சொல்லிக் கையெழுத்தும் வாங்கியிருந்தோம். சிக்கல் நேரவில்லை. மறுநாள் அவன் தாயின் மூக்குத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் எங்கள் யோசனையால் கடைப்பிடித்த இந்த ஒழுங்கு, உலகத்தின் பல மூலைகளிலும் அனுபவசாலிகள் தனித்தனியே வந்தடைந்த ஒழுங்கு என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். இரு கண்களையும் ஒரே அமர்வில் செய்யும் வைத்தியர்களின் சர்வதேசச் சங்கம் ஒன்று 2008-இல் ஏற்பட்டு, மறு ஆண்டே இவ்விதிகளை எழுத்தில் வெளியிட்டது. பின்லாந்தில் இம்முறை நெடுநாளாகவே வழக்கில் இருந்தது. நெதர்லாந்தில் பத்து மருத்துவமனைகளில் 865 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2023-இல் வெளியாகி, தகுதியுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துச் செய்தால் ஒரே நாள் முறை மற்ற முறைக்குத் தாழ்ந்ததல்ல, செலவும் குறைவு என்று காட்டியது. கொரோனா காலத்தில், மருத்துவமனைக்கு வரும் தடவைகளைக் குறைப்பதே ஒரு பாதுகாப்பு என்ற நிலை வந்ததும், முன்பு முகம் சுளித்த இடங்களிலும் இதைப் பற்றிப் பேசினார்கள். அமெரிக்காவிலோ, அரசுக் காப்பீடு அதே நாளில் செய்யும் இரண்டாவது கண்ணுக்குப் பாதிக் கட்டணமே கொடுப்பதால் வைத்தியர்கள் தயங்குகிறார்கள். கட்டணம் கணக்கிடும் விதம் நோயாளிகளின் நடைகளைத் தீர்மானிக்கிறது என்பதைக் கண்டு நான் வருந்துகிறேன்.

அச்சத்தின் மையம் எப்போதும் ஒன்றே: கண்ணுக்குள் சீழ் பிடித்தல். சிகிச்சை முடிந்ததும் கண்ணுக்குள்ளேயே ஒரு துளி கிருமிநாசினி மருந்தைச் செலுத்தினால் அந்த ஆபத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று ஐரோப்பிய ஆராய்ச்சி ஒன்று 2007-இல் சொன்னது. நம்மவர்களுக்கு அதைவிட நெருக்கமான சான்று மதுரையிலிருந்து வந்தது: அரவிந்தில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கணக்கில், மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தை உட்செலுத்தாதபோது பதினாயிரத்துக்கு ஏழாக இருந்த சீழ் பிடித்தல், செலுத்தியபின் பதினாயிரத்துக்கு இரண்டாக இறங்கியிருந்தது. நான் முன்பு சொன்ன ‘முடியாது’ என்ற பதிலின் அடித்தளத்தை இந்த எண்கள் கரைத்தன. ஆயினும், இரண்டு என்பது பூஜ்யம் அன்று. அந்த இரண்டில் ஒருவராக வருகிறவருக்கு இரு கண்களும் ஒரே வாரத்தில் போகக்கூடும் என்பதை நோயாளிக்கு அவருடைய பாஷையில், அவசரமில்லாமல், துணைக்கு வந்தவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லாமல் கத்தியைத் தொடுவது பாபம்.

சொல்லிவிட்டு நிறுத்திய சந்தர்ப்பமும் உண்டு. நகரிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவருக்கு இரண்டையும் முடிப்பதாக ஏற்பாடு. முதல் கண்ணைத் திறந்து பார்த்தபோது, வில்லையைத் தொங்கவிட்டிருக்கும் நுண்ணிழைகள் வெளியிலிருந்து தெரிந்ததைவிடத் தளர்ந்திருந்தன. பாவையின் விளிம்பில் தவிடு போன்ற படிவு படியும் ஒருவகை நோயில் இப்படி நேரும், தென்னாட்டு முதியவர்களிடம் அது அரிதன்று. வளையம் ஒன்றை உள்ளே வைத்து, மெல்ல மெல்ல முடித்தேன். முடிவு நல்லதே, ஆனால் அன்று இரண்டாவது கண்ணைத் தொடவில்லை. வெளியே காத்திருந்த மகன், லீவு போட்டு வந்தது வீணாயிற்று என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயமானது. என் மறுப்பும் நியாயமானதே என்பதை அவரோடு உட்கார்ந்து, படம் வரைந்து காட்டி, ஒப்புக்கொள்ள வைக்க அன்று மாலை முழுவதும் ஆயிற்று.

இன்னொரு சங்கடத்தைப் பொதுமக்கள் அறியார்கள். கண்ணுக்குள் வைக்கும் வில்லையின் வலிமையைக் கண்ணின் நீளத்தை அளந்து கணக்கிடுகிறோம். ஒரு கண் முதலில் முடிந்தால், கணக்குக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அதில் கண்டறிந்து மற்றக் கண்ணுக்குத் திருத்திக்கொள்ளலாம். ஒரே நாளில் செய்தால் அந்த வசதி இல்லை. ஒளியால் அளக்கும் இக்காலக் கருவிகள் அநேகமாகப் பிசகுவதில்லை. ஆனால் புரை முற்றி வெளுத்த கண்ணில் அந்த ஒளி ஊடுருவாது, பழைய ஒலியலைக் கருவியை, ஏ-ஸ்கேனை, நாட வேண்டும். ஆக, வசதியுள்ளவர் புரை இளமையாயிருக்கும்போதே வருகிறார், அவருக்கு எல்லா அளவும் சுத்தமாகக் கிடைக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் செய்ய அவரே மிகத் தகுதியானவர். ஒரே நாளில் முடிந்தால்தான் உண்டு என்ற நிலையிலுள்ள ஏழையோ, இரண்டும் வெளுத்த பிறகு வருகிறார். யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அதிகம் தயங்க வேண்டியிருக்கிறது. என் தொழிலில் இதைவிட என்னை வாட்டிய விஷயம் வேறில்லை.

சிகிச்சைக்குப் பிந்திய நாட்களுக்கும் இந்த ஊருக்கென்று தனியான எச்சரிக்கைகள் வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு முன் கண் தெரிய வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் பலர். காவடியும் மொட்டையும் நேர்ந்துகொண்டவர்கள். மொட்டையடிக்கும்போது வழியும் தண்ணீரும், சரவணப் பொய்கையின் முழுக்கும், நெற்றியிலிருந்து உதிரும் விபூதியும் ஆறாத கண்ணுக்கு ஆகா. ஒரு கண் செய்துகொண்டவர் அதைக் கையால் மறைத்தாவது கூட்டத்தில் போவார். இரண்டும் செய்துகொண்டவர் எதை மறைப்பார்? ஆகவே, திருவிழாவை ஒட்டிய வாரங்களில் இரு கண் சிகிச்சை கிடையாது என்று நான் விதித்திருந்தேன். நேர்த்திக்கடனாகச் செலுத்தும் வெள்ளிக் கண்மலரை ஜோடியாகத்தானே சாத்துகிறோம், வைத்தியத்தில் மட்டும் ஏன் ஒற்றை என்று ஒரு பாட்டியார் வாதாடியபோதுகூட, அந்த விதியை நான் தளர்த்தவில்லை. கிருத்திகை கழிந்ததும் அவருக்கு இரண்டும் செய்தோம்.

ஒரே நாளில் இரண்டும் செய்துகொண்டவரை, இரு கண்களையும் கட்டி வீட்டுக்கு அனுப்புவதை நான் எக்காலத்திலும் ஒப்பவில்லை. முழு மயக்கம் தேவைப்பட்டவர்கள் நீங்கலாக, ஊசியில்லாமல் சொட்டு மருந்தால் மட்டும் மரக்கச் செய்து, கட்டே இல்லாமல், பாதுகாப்பான கண்ணாடியோடு அனுப்ப முடிந்தவர்களையே இதற்கு ஏற்றேன். சொட்டு மருந்துப் புட்டிகளையும் வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று தனித்தனியே கொடுத்து, படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒன்றில் சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டினோம். மூன்று நாட்களுக்காவது வேறு வேலையில்லாத ஒருவர் வீட்டில் உடனிருப்பார் என்ற உறுதி கிடைக்காவிட்டால், மற்ற எல்லாத் தகுதியும் இருந்தாலும், மறுத்துவிட்டேன்.

இப்போது எங்கள் இடத்தை நடத்தும் இளைய டாக்டர், தகுதியுள்ளவர்களுக்கு ஒரே நாளில் செய்கிறார். ஆட்டோக்ளேவ் இரண்டு வைத்திருக்கிறார். தகுதியில்லாதவர்களுக்கு, அதாவது புரை வெளுத்தவர்களுக்கும், இழை தளர்ந்தவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் வராதவர்களுக்கும் என்ன வழி என்று நாங்கள் இருவரும் பல மாலைகள் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். தூரத்திலிருந்து வருகிறவரை முதல் கண் முடிந்ததும் ஊருக்கு அனுப்பாமல், துணைக்கு வந்தவரோடு பக்கத்துச் சத்திரத்தில் தங்கவைத்து, தினமும் பார்த்து, முதல் கண் தெளிந்து அளவும் சரியென்று கண்ட பின், அதே வாரத்துக்குள் இரண்டாவதையும் முடித்து, இரண்டு கண்களோடும் பஸ் ஏற்றி விடுவது. சத்திரத்துச் சாப்பாட்டுச் செலவை ஊரிலுள்ள நெசவு வியாபாரிகள் சிலர் ஏற்றிருக்கிறார்கள். துணைக்கு வந்தவரின் கூலிக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. அதற்காகத்தான் இந்த வாரம் பொதட்டூர்பேட்டைக்குப் போய் இரண்டு பேரைப் பார்க்க இருக்கிறேன்.